கோப், கோபா குழுக்களிடம் ஊர்க் கணக்கைக் கொண்டுபோவது எப்படி?

மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள ஒரு கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, குளத்து நீரைத் திறந்து மூடும் துருசு ஒன்று உடைந்துகிடந்ததைப் பற்றி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதி, "கோப் குழு, பாராளுமன்றம்" என்று முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தது. மூன்று மாதமாகியும் பதில் வரவில்லை. கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், கணக்குக் கிளையில் முன்னர் வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் கடிதத்தின் பிரதியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் ஏறாத கதையும், வயல்நீரைக் கவனிக்கும் வட்டவிதானை, அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையும் உள்ளபடியே எழுதப்பட்டிருந்தன. ஆனால் அந்தச் சிறிய குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியது. இலங்கைப் பாராளுமன்றத்தின் இரண்டு கணக்குக் குழுக்களில் திணைக்களங்களின் கணக்கைப் பார்ப்பது கோபா; கோப் பார்ப்பது கூட்டுத்தாபனங்கள் போன்றவற்றின் கணக்கை. அதைவிடப் பெரிய பிழை, கடிதம் புதிய துருசு கேட்டதுதான். இரண்டு குழுக்களுமே செலவாகிவிட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்பவை. எவருக்கும் பணம் ஒதுக்கிக் கொடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அதே துருசைத் திருத்தியதாகச் சில ஆண்டுகளுக்கு முன் பெயர்ப்பலகை நடப்பட்ட விஷயம் நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் ஒதுங்கிக் கிடந்தது. குழு கையில் எடுக்கக்கூடிய ஒரே கேள்வி அந்த வரிக்குள்தான் இருந்தது.

இந்தக் குழுக்களை முதன்முறையாக அணுகுகின்ற சங்கங்களுக்கும், பல்கலைக்கழக மாணவர்களுக்கும், ஊர்ச் செய்தியாளர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எந்தக் குழு எதைப் பார்க்கிறது

அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே கொடுக்கிறது. 225 உறுப்பினர்களும் சபையில் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் புரட்ட முடியாது என்பதால் அந்த வேலை குழுக்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவே கோபா. சட்டநிரூபண சபைக் காலத்தில், 1921 இல் தொடங்கிய இக்குழு, அமைச்சுகள், திணைக்களங்கள், மாவட்டச் செயலகங்கள் ஆகியவற்றோடு மாகாண சபைகளையும் உள்ளூராட்சி சபைகளையும் விசாரிக்கிறது. அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவாகிய கோப் 1979 இல் உருவானது. கூட்டுத்தாபனங்கள், அதிகார சபைகள், பல்கலைக்கழகங்கள் போன்றவை அதன் எல்லைக்குள் வருகின்றன. நமது பக்கத்து உதாரணங்களைச் சொன்னால் விளங்கும்: வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வாழைச்சேனைக் காகித ஆலை, நெல் சந்தைப்படுத்தும் சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, ஒலுவில் துறைமுகத்தைக் கட்டிய துறைமுக அதிகார சபை ஆகிய எல்லாம் கோப் குழுவுக்குரியவை.

மூன்றாவது, அரசாங்க நிதி பற்றிய குழு. தொலைக்காட்சிச் செய்திகளில் கோப் அளவுக்கு இதன் பெயர் அடிபடுவதில்லை என்றாலும், நெல் விளைவிக்கும் மாவட்டத்தவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய குழு இதுதான் என்பது என் எண்ணம். ஒதுக்கீட்டுச் சட்டமூலம் மாத்திரமன்றி, வரிகளை ஏற்றி இறக்கும் வர்த்தமானிக் கட்டளைகளும் சபையின் அங்கீகாரத்துக்கு முன் இந்தக் குழுவின் மேசைக்கு வருகின்றன. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அறவிடப்படும் விசேட வர்த்தகப் பண்ட அறவீடு அவற்றுள் ஒன்று. இறக்குமதிப் பண்டமொன்றின் மீதான அறவீடு எந்த மாதத்தில் கூட்டப்படுகிறது, எந்த மாதத்தில் குறைக்கப்படுகிறது என்பது உள்ளூர் விலையை எப்படி அசைக்கும் என்று பெரும்போக நெல்லைக் களத்தில் குவித்து வைத்திருப்பவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் கொள்கைகளையும் சட்டமூலங்களையும் ஆராய்கின்றன. சில வேளைகளில் பொதுமக்களிடம் எழுத்துமூல யோசனைகளையும் கோருகின்றன. அமைச்சுசார் ஆலோசனைக் குழுக்கள் ஒவ்வோர் அமைச்சுக்கும் உண்டு. அவற்றுக்குத் தலைமை வகிப்பவர் அந்தந்த அமைச்சரே என்பதால் அங்கே கடுமையான விசாரணையை எதிர்பார்க்க வேண்டாம். தனிமனிதர் ஒருவருக்கு நிருவாகத்தால் இழைக்கப்பட்ட அநீதி என்றால், உதாரணமாக ஓய்வூதியம் நிறுத்தப்பட்டிருந்தால், செல்லவேண்டிய இடம் பொது மனுக்கள் பற்றிய குழு. அதற்குரிய மனுவைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே சபையில் சமர்ப்பிக்க வேண்டும்.

இரண்டு மயக்கங்களை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. வரவு செலவுத் திட்டக் காலத்தில் பத்திரிகைகள் எழுதுகின்ற "குழுநிலை விவாதம்" என்பது முழுச் சபையும் குழுவாக அமர்ந்து அமைச்சு அமைச்சாக ஒதுக்கீடுகளை விவாதிப்பதாகும். அங்கே அதிகாரிகள் மேசையின் முன் அமர்ந்து பதில் சொல்வதில்லை. மற்றது, கச்சேரியில் நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். அது பாராளுமன்றக் குழு அன்று. அங்கே கேள்வி கேட்கலாம், சத்தமும் போடலாம். அதற்குக் கணக்காய்வு அதிகாரம் கிடையாது.

முதற்படி: பணம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

எழுதுபவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டடம் எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பணம் யாருடையது என்று முடிவுசெய்ய முடியாது. ஒரே ஊருக்குள் மூன்று பைகளிலிருந்து பணம் வந்திருக்கலாம்.

குளங்களை எடுத்துக்கொண்டால், 80 ஹெக்டெயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சுகின்ற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. உன்னிச்சை, நவகிரி போன்ற பெருங்குளங்கள் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியவை. இவற்றுக்கு இடையில் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குளங்களும் உண்டு. வீதிகளில் ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சேரும். சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்குச் சேரும். ஊருக்குள் ஓடும் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ மாநகர சபைக்கோ சேரும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்க, அதற்குச் சில மைல் தள்ளியுள்ள சிறிய வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் இருக்கும். பாடசாலைகளிலும் தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற பிரிவு உண்டு.

பணத்தின் உரிமையாளரைக் கண்டுபிடித்ததும் அதன் செலவுத் தலைப்பு இலக்கத்தைத் தேடுங்கள். ஒதுக்கீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு: மட்டக்களப்பு மாவட்டச் செயலகம் 269, அம்பாறை மாவட்டச் செயலகம் 270, கமநல அபிவிருத்தித் திணைக்களம் 281, நீர்ப்பாசனத் திணைக்களம் 282. அமைச்சுகள் பெயர் மாறும், பிரியும், மீண்டும் சேரும். திணைக்களத்தின் இலக்கம் அவ்வளவு எளிதாக மாறுவதில்லை. எனவே கடிதத்தில் அமைச்சின் பெயரை எழுதுவதோடு இந்த இலக்கத்தையும் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு குழுவின் செயலகத்தில் இருப்பவர் உங்கள் விஷயத்தை உரிய கோப்பில் ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடலாம்.

மாகாணப் பணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் நடத்தப்படவில்லை. உறுப்பினர்கள் இல்லாத சபைக்குக் குழுக்களும் இல்லை. மாகாண சபை அமைந்துள்ள திருகோணமலையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் பல, இதனால் கோபாவின் மேசையில்தான் முடிகின்றன.

இரண்டாம் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

அரசின் நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகிறது. வழமையான ஆண்டில் வரவு செலவுத் திட்ட உரை நவம்பரில் நிகழும். 2026 ஆம் ஆண்டுக்கான உரை 2025 நவம்பர் 7 ஆம் திகதி நிகழ்ந்தது. அந்த உரையையே ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு என்கிறார்கள். அதன்பின் விவாதம், வாக்கெடுப்பு, குழுநிலை விவாதம், மூன்றாம் வாசிப்பு என்ற ஒழுங்கில் டிசெம்பரில் எல்லாம் முடியும். தேர்தல் நடந்த ஆண்டில் இந்த ஒழுங்கு குலையும்: 2025 ஆம் ஆண்டுக்கான உரை அந்த ஆண்டு பெப்ரவரி 17 ஆம் திகதியே நிகழ்ந்தது, அதுவரை இடைக்காலக் கணக்கறிக்கையில், அதாவது அவசியச் செலவுகளுக்குச் சபை தற்காலிகமாகத் தரும் அனுமதியில், அரசாங்கம் ஓடியது.

இதைச் சொல்வதற்குக் காரணம், புதிய ஒதுக்கீடு வேண்டுமென்றால் உரை நிகழ்வதற்குப் பல மாதங்கள் முன்பே, திணைக்களங்கள் தமது மதிப்பீடுகளைத் திறைசேரிக்கு அனுப்புகின்ற ஆண்டு நடுப்பகுதியில், பிரதேச செயலகத்திலும் மாவட்ட மட்டத் திணைக்கள அலுவலகத்திலும் உங்கள் கோரிக்கை இருக்க வேண்டும் என்பதே. நவம்பரில் கொழும்புக்குக் கடிதம் எழுதுவது கதிர் முற்றிய பிறகு பசளை போடுவதைப் போன்றது.

கோபா, கோப் ஆகிய இரண்டு குழுக்களும் வேறொரு நாட்காட்டியில் நடக்கின்றன. அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரையின்படி கணக்காய்வாளர் நாயகம் நிதியாண்டு முடிந்து பத்து மாதங்களுக்குள் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். ஆகவே குழு ஒரு நிறுவனத்தை அழைக்கும்போது அதன் மேசையில் இருப்பது சென்ற ஆண்டின் கணக்கு; பல தடவைகளில் அதற்கும் முந்திய ஆண்டின் கணக்கு. உங்கள் கேள்வியும் அந்த ஆண்டுக்குரியதாக இருந்தால்தான் உரையாடலுக்குள் புகும்.

மூன்றாம் படி: கணக்காய்வுப் பந்தியைத் தேடுங்கள்

எந்த நிறுவனத்தையும் பற்றிப் படிக்க வேண்டியவை இரண்டு: அதன் ஆண்டுச் செயலாற்றுகை அறிக்கை, அதன் மீதான கணக்காய்வு அறிக்கை. முன்னையது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதியது. நானும் அப்படிப்பட்ட அறிக்கைகளைத் தட்டச்சுக்குக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், அதில் "நிறைவு 100 சதவீதம்" என்று இருந்தால் பணம் முழுவதும் செலவானது என்றுதான் பெரும்பாலும் பொருள். வேலை முடிந்ததா என்பது வேறு கேள்வி. பின்னையதை 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் கீழ் வெளியார் எழுதுகிறார்கள். ஒவ்வொரு குறையும் இலக்கமிட்ட பந்தியாக இருக்கும். அதன் கீழே நிறுவனத்தின் விளக்கம் இருக்கும். "எதிர்காலத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற விளக்கம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டு அறிக்கைகளில் மாறாமல் வந்திருந்தால், அந்தப் பந்தியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் வேலை அறிக்கையில் பெயர் சொல்லப்படாமல் போகலாம். அப்போது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். "துருசு பற்றிய விவரம் தருக" என்று கேட்டால் ஒரு வரிப் பதில் வரும். மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த இறுதிக் கொடுப்பனவு, வேலை முடிவுற்ற சான்றிதழின் பிரதி, அதில் கையொப்பமிட்டவரின் பதவி என நான்கையும் தனித்தனி இலக்கமிட்டுக் கேளுங்கள். அந்தக் கமக்காரர் அமைப்புக்கு நாங்கள் இப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். வந்த பதிலில் வேலை முடிவுற்ற திகதி, குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்த ஒரு மார்கழி நாளாக இருந்தது. தண்ணீருக்குள் நின்று யார் கொங்கிறீட் போட்டார்கள் என்று வட்டவிதானை கேட்ட கேள்விதான் அடுத்த கடிதத்தின் முதல் வரியாக வந்தது.

நான்காம் படி: ஒரு பக்கக் கடிதம்

கடிதத்தை, பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தின் மூலமாக உரிய குழுவின் செயலாளருக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் உள்ள பாராளுமன்ற முகவரிக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. அதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதத் தேவையில்லை.

"எமது குளம் பல்லாண்டு காலமாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது, மாண்புமிகு குழுவினர் கருணைகூர்ந்து கவனிக்க வேண்டும்" என்ற வகை எழுத்தைக் குழுவின் அலுவலர் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "செலவுத் தலைப்பு 281 இன் கீழ் இன்ன ஆண்டில் இன்ன குளத்தின் துருசைத் திருத்துவதற்கு இவ்வளவு ரூபா கொடுக்கப்பட்டுள்ளதாகத் திணைக்களம் எமக்கு எழுத்தில் அறிவித்துள்ளது. வேலை முடிவுற்றதாகச் சான்றளிக்கப்பட்ட நாளில் அந்த இடம் நீரில் மூழ்கியிருந்தது. துருசு இன்றும் மூட முடியாத நிலையில் உள்ளது. சான்றிதழ் எதன் அடிப்படையில் வழங்கப்பட்டது என்று கணக்கீட்டு உத்தியோகத்தரிடம் கேட்குமாறு வேண்டுகிறோம்." இதனோடு தகவல் அலுவலரின் பதிலையும் திகதி தெரியும் இரண்டு படங்களையும் இணைத்தால் போதும்.

கணக்கீட்டு உத்தியோகத்தர் என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். திணைக்களத்துக்கு அதன் தலைவரும், மாவட்டச் செயலகத்துக்கு அரசாங்க அதிபரும் கணக்கீட்டு உத்தியோகத்தர்கள். அமைச்சின் செயலாளர் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர். குழுவின் முன் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்களே. ஊரில் உள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பெயரைக் கடிதத்தில் இழுக்க வேண்டாம். அவர் களவெடுத்தார் என்று முகநூலில் எழுதுவது இன்னும் ஆபத்தானது. குழுவின் முன் சாட்சி சொல்பவருக்குள்ள சிறப்புரிமைப் பாதுகாப்பு முகநூலில் எழுதுபவருக்குக் கிடையாது. நீதிமன்றத்தில் உள்ள வழக்கின் விஷயத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு பிரதியைக் கணக்காய்வாளர் நாயகத்துக்கு அனுப்புங்கள். இன்னொன்றை உறுப்பினர் ஒருவரிடம் கையில் கொடுங்கள். மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்களும் அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்லைக்கு ஏழு ஆசனங்களும் உண்டு. அந்தப் பன்னிருவரில் உரிய குழுவில் இருப்பவர் யார் என்று பார்த்து அவரிடம் கொடுப்பது, நமக்கு வாக்குக் கேட்டு வந்தவர் யார் என்று பார்த்துக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது.

ஐந்தாம் படி: விசாரணையைக் கேட்பது

குழு அறைகள் சபையின் பார்வையாளர் கூடத்தைப் போல நினைத்தவுடன் போய் அமரக்கூடியவை அல்ல. அழைக்கப்பட்டவர்களே உள்ளே செல்வர். ஆனால் 2019 முதல் கோப் முதலிய குழுக்களின் அமர்வுகளுக்கு ஊடகங்கள் அனுமதிக்கப்பட்டதால் அவற்றின் காட்சிப்பதிவுகளைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். விசாரணை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். சிங்களம் தெரியாதவர்கள் சில சொற்களைப் பிடித்துக்கொண்டாலே பாதி வழி வந்துவிடுவார்கள்: "விகணகாதிபதி" என்றால் கணக்காய்வாளர் நாயகம், "லேகம்" என்றால் செயலாளர், "அயவெய" என்றால் வரவு செலவுத் திட்டம், "காரக சபாவ" என்றால் குழு. பந்தி இலக்கத்தையும் தொகையையும் உரக்கச் சொல்லித்தான் கேள்வி கேட்பார்கள் என்பதால் கணக்காய்வு அறிக்கையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தவிசாளர் கோபப்படுவதும் அதிகாரி வியர்ப்பதும் செய்தியில் வரும் துண்டுகள். குறித்துக்கொள்ள வேண்டியது அதன் பிறகு வருவது: எந்த ஆவணத்தை எத்தனை நாட்களுக்குள் குழுவுக்குத் தரும்படி பணிக்கப்பட்டது என்பது. அந்தத் திகதி கடந்ததும் ஆவணம் கொடுக்கப்பட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

உங்களையே அழைத்தால், தமிழில் பேசுவேன், மொழிபெயர்ப்பு வேண்டும் என்று அழைப்புக்குப் பதில் எழுதும்போதே குறிப்பிடுங்கள். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். மூல ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரதிகளையே கொடுங்கள். மட்டக்களப்பிலிருந்து செல்பவர்களுக்கு ரயில் உண்டு. அம்பாறைக்கும் கல்முனைக்கும் அந்த வசதி இல்லை. இரவு பஸ்ஸில் போய்க் காலையில் பத்தரமுல்லையில் முகம் கழுவிக்கொண்டு நிற்பதைவிட முந்திய நாளே போய்விடுவது நல்லது. நீங்கள் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

ஆறாம் படி: விசாரணைக்குப் பிறகு

குழு எவரையும் தண்டிப்பதில்லை. பரிந்துரைகளை எழுதிச் சபைக்கு அறிக்கையிடுகிறது. அமைச்சர் அதற்குத் தமது அவதானிப்புகளைச் சமர்ப்பிக்க வேண்டும். குற்றம் நடந்ததாகத் தோன்றினால் விஷயம் விசாரணை அமைப்புகளுக்கு அனுப்பப்படும். பரிந்துரை நிறைவேறியதா என்பதற்கு நம்பகமான இடம் அடுத்த ஆண்டின் கணக்காய்வு அறிக்கை. அதே குறை அங்கே வேறொரு பந்தி இலக்கத்தில் மறுபடி வந்திருக்கலாம். எனவே இலக்கத்தை வைத்துத் தேடாமல் விஷயத்தை வைத்துத் தேடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். பாராளுமன்றக் கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டால் கோப், கோபா முதலிய குழுக்களும் அதோடு முடிந்துவிடும். 2021 டிசெம்பரில் கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டபோது இதுவே நடந்தது. புதிய கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் மீண்டும் நியமிக்கப்படுவார்கள், தவிசாளரும் மாறலாம். பழைய கடிதம் தானாக அவர்களுடைய மேசைக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். அதே ஒரு பக்கத்தின் மேலே புதிய திகதியையும், முன்பு அனுப்பிய பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். அந்தப் பற்றுச்சீட்டு சங்கச் செயலாளரின் சட்டைப்பையில் இருந்தால் சலவையோடு போய்விடும். கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.